எட்டு ஸ்வரமும் ஒரு குமிழும்: டேஞ்சரின் ட்ரீமைக் கேட்கத் தொடங்குவோருக்கு

ஜெர்மன் மின்னிசைக் குழுவான டேஞ்சரின் ட்ரீமை முதல் தடவை கேட்பவர்கள் பலர் மூன்றாவது நிமிடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பாட்டு இல்லை, பல்லவி இல்லை, டிரம்ஸும் பெரும்பாலும் இல்லை. அதே எட்டு ஸ்வரம் சுற்றிச் சுற்றி வருகிறது, எதுவுமே நடக்கவில்லை என்பதுதான் புகார். அதில் பாதி சரி. ஸ்வரங்களில் எதுவும் நடப்பதில்லைதான். நடப்பதெல்லாம் ஒலியின் நிறத்தில், கூர்மையில், எதிரொலியில், சில சமயம் சுருதியிலேயே. வாசிக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, ஓய்ந்த கைகளால் ஒலியைத் திருகி மாற்றிக்கொண்டே போவதுதான் இவர்களின் வழி. 1970களில் மேற்கு பெர்லினில் உருவான இந்த வழிக்கு 'பெர்லின் பள்ளி' என்று பெயர். ஆம்பியன்ட் (பின்னணியில் மெல்லப் பரவும் இசை), டிரான்ஸ் (ஒரே துடிப்பில் ஓடும் நடன இசை), திரைப்படங்களின் சிந்தசைசர் (மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவி) இசை என்று பிறகு வந்த பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

சிந்தசைசருக்கு முந்தைய காலம்

குழுவைத் தொடங்கியவர் எட்கர் ஃப்ரோஸே. 1944இல் டில்சிட் நகரில் பிறந்தவர், மேற்கு பெர்லினில் ஓவியமும் சிற்பமும் படித்தவர். 1967இல் டேஞ்சரின் ட்ரீமை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு பெர்லினில் திறக்கப்பட்ட ஸோடியாக் என்ற கலைக்கூடத்தில், ராக் இசையின் பாட்டு வடிவத்தைக் கைவிட்டு மணிக்கணக்காக ஒலிகளோடு விளையாடும் கூட்டம் ஒன்று சேர்ந்தது. இவர்களும் அதில் இருந்தார்கள்.

முதல் ஆல்பமான 'எலக்ட்ரானிக் மெடிட்டேஷன்' 1970இல் வந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: அதில் சிந்தசைசரே கிடையாது. ஃப்ரோஸே கிதார், கிளவுஸ் ஷுல்ட்ஸே டிரம்ஸ், கொன்ராட் ஷ்னிட்ஸ்லர் செல்லோ, அவற்றோடு டேப்பில் செய்த சில வித்தைகள். மற்ற இருவரும் சீக்கிரமே விலகித் தனிவழி போய்விட்டார்கள். ஷுல்ட்ஸே இதே பாணியின் இன்னொரு தூணாக ஆனார். அடுத்து டிரம்ஸ் கலைஞராக வந்தவர் கிறிஸ்டோஃபர் ஃப்ராங்கே. பிறகு பீட்டர் பௌமன் சேர்ந்தார். ஃப்ரோஸே, ஃப்ராங்கே, பௌமன் ஆகிய மூவரும் சேர்ந்திருந்த காலத்தைத்தான் புதிதாகக் கேட்பவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

1972இல் வந்த 'ட்சைட்' இரண்டு தட்டுகள் கொண்டது. நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு படைப்பு. நான்கு செல்லோ கலைஞர்களும், போப்போல் வூ என்ற ஜெர்மன் குழுவின் ஃப்ளோரியான் ஃப்ரிக்கே மோக் சிந்தசைசரோடும் வந்து வாசித்திருக்கிறார்கள். தாளம் என்பதே இல்லை, ஒலி மெல்ல வீங்கி மெல்ல வற்றுகிறது. பிரயன் ஈனோ 'ஆம்பியன்ட்' என்ற பெயரை 1978இல் தன் ஆல்பத் தலைப்பில் வைப்பதற்கு ஆறு ஆண்டு முன்பே, இன்று அந்தப் பெயரால் அழைக்கத்தக்க இசை இது. ஆனால் இதிலிருந்து கேட்கத் தொடங்குவது நல்லதல்ல. பிடிப்பதற்கு ஒரு கிளைகூட இல்லாத ஆல்பம்.

1973இன் 'ஆடெம்' ஆல்பத்தை பிபிசி வானொலியின் ஜான் பீல் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தார். பிரிட்டனில் பெயர் பரவியது, அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த வெர்ஜின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கிடைத்தது. அதே காலத்தில் ஃப்ராங்கேயின் கையில் பெரிய மோக் மாடுலர் (தனித்தனிப் பெட்டிகளைக் கம்பியால் இணைக்கும்) சிந்தசைசர் வந்துசேர்ந்தது. அதற்குள் ஒரு சீக்குவன்சர் இருந்தது. கதை மாறியது அங்கேதான்.

சீக்குவன்சர் என்ன செய்கிறது?

மோக் நிறுவனத்தின் 960 என்ற சீக்குவன்சரை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு நெடுவரிசை, மூன்று கிடைவரிசை, ஆக 24 குமிழ்கள். ஒவ்வொரு குமிழும் ஒரு மின்னழுத்தத்தைக் குறித்துவைக்கிறது. உள்ளிருக்கும் கடிகாரம் முதல் நெடுவரிசையிலிருந்து எட்டாவது வரை ஒவ்வொன்றாக நகர்ந்து, திரும்பவும் முதலுக்கு வருகிறது. எந்த நெடுவரிசையில் நிற்கிறதோ அதன் மின்னழுத்தம் வெளியே போகும். அதை ஒலி அலையை உருவாக்கும் ஆசிலேட்டருக்குக் கொடுத்தால் ஸ்வரமாகக் கேட்கும்.

மோக் கருவிகளில் 1 வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஒரு ஸ்தாயிக்குள் 12 அரைச்சுரங்கள் என்பதால், ஓர் அரைச்சுரத்துக்கு 83 மில்லிவோல்ட். இந்தக் குமிழ்களில் 'இது ச, இது ப' என்று நின்று பிடிக்கும் படிகள் கிடையாது. வழுக்கிக்கொண்டே போகும். எட்டு ஸ்வரம் வேண்டுமென்றால் எட்டுக் குமிழையும் காதால் கேட்டுச் சுருதி சேர்க்க வேண்டும். அதுவும் மேடையில், இருட்டில், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

மற்ற இரண்டு வரிசைகளை வீணாக விடுவதில்லை. இரண்டாவது வரிசையை, ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டருக்கு இணைத்தால், எட்டில் எந்த ஸ்வரம் பளிச்சென்று ஒலிக்க வேண்டும், எது மங்கி நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம். மூன்று வரிசைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் 24 ஸ்வரங்களின் நீண்ட சுற்று கிடைக்கும்.

இதை டேப் லூப்போடு (முனைகளை ஒட்டிச் சுற்றவிடும் பதிவு நாடா) குழப்பிக்கொள்ளக் கூடாது. புதியவர்கள் தவறாமல் செய்யும் குழப்பம் இது. டேப் லூப்பில் ஒலி ஏற்கெனவே பதிவாகி முடிந்துவிட்டது, திரும்ப ஓட்டலாம், அவ்வளவே. சீக்குவன்சர் ஒலியைச் சேமிப்பதில்லை, கட்டளையைத்தான் சேமிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ஸ்வரமும் புதிதாகப் பிறக்கிறது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு குமிழைத் திருகினால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் மாறும். கீபோர்டிலிருந்து கூடுதலாக 0.417 வோல்ட் சேர்த்தால் எட்டு ஸ்வரமும் ஒன்றாக ஐந்து அரைச்சுரம் மேலேறும், ச இருந்த இடம் ம ஆகும். டேஞ்சரின் ட்ரீம் ஆல்பங்களில் அடித்தளமே திடீரென்று இடம்பெயர்வது போலத் தோன்றும் கணங்கள் இப்படி வருபவை.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஃபில்டர்தான். லோ-பாஸ் ஃபில்டர் குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலே உள்ளதை வெட்டிவிடும். மோக் ஃபில்டர் அந்த எல்லைக்கு மேல் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 24 டெசிபல் வீதம் குறைக்கும். எல்லையைத் தாழ்த்திவைத்தால் மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ தட்டுவது போன்ற மொத்தை ஒலி. அதே ஸ்வரங்கள் ஓட ஓட, எல்லையை மூன்று நான்கு நிமிடத்தில் மெதுவாக உயர்த்தினால், மொத்தை ஒலி மெல்லக் கூர்மையாகி உலோகமாக மாறும். கதையின் ஏற்றம், உச்சம், இறக்கம் எல்லாம் அந்த ஒரு குமிழில் இருக்கிறது.

சூடும் சுருதியும்

வெர்ஜினுக்காகச் செய்த முதல் ஆல்பம் 'ஃபேட்ரா'. 1973 இறுதியில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள 'தி மேனர்' ஸ்டூடியோவில் பதிவானது, 1974 பிப்ரவரியில் வெளியானது. பிரிட்டன் ஆல்பப் பட்டியலில் 15ஆம் இடம் வரை போனது. பாட்டே இல்லாத, வானொலிக்கு ஒவ்வாத ஒரு தட்டுக்கு இது பெரிய விஷயம்.

தலைப்புப் படைப்பு சுமார் 17 நிமிடம். அதில் அடித்தள ஸ்வரங்கள் மெல்லச் சுருதி விலகுவதைக் கவனித்துக் கேட்டால் பிடிக்கலாம். திட்டமிட்டதல்ல. கருவி சூடேறியதால் ஆசிலேட்டர்கள் நழுவின, அதைப் பதிவில் அப்படியே விட்டுவைத்தார்கள்.

ஏன் நழுவுகிறது? மின்னழுத்தத்தைச் சுருதியாக மாற்றும் வேலையை டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன. அவற்றின் நடத்தை வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பத்துக்கு ஈடுசெய்யும் பாகம் எதுவும் இல்லாத சுற்றில், ஒரு டிகிரி செல்சியஸ் மாறினாலே வோல்ட்டுக்கும் சுருதிக்குமான விகிதம் சுமார் 0.33 விழுக்காடு மாறிவிடும். சூட்டால் நகராத நிலைப்புள்ளியிலிருந்து இரண்டு ஸ்தாயி தள்ளியிருக்கும் ஸ்வரத்துக்கு இது 24 அரைச்சுரத்தில் 0.33 விழுக்காடு, அதாவது 0.08 அரைச்சுரம். பெட்டிக்குள் 10 டிகிரி ஏறினால் 0.8 அரைச்சுரம், கிட்டத்தட்ட பக்கத்து ஸ்வரத்தையே தொட்டுவிடும். உண்மைக் கருவிகளில் ஈடுசெய்யும் பாகங்கள் இருந்ததால் விலகல் இதைவிடக் குறைவு. இல்லாமல் போனதில்லை.

தொல்லை என்னவென்றால், எல்லா ஸ்வரமும் ஒரே அளவு விலகுவதில்லை. நிலைப்புள்ளிக்கு அருகில் இருப்பது கொஞ்சம் நகரும், தொலைவில் இருப்பது நிறைய நகரும். ஆகவே மொத்தச் சுருதியை ஒரே குமிழால் இழுத்துச் சரிசெய்ய முடியாது. ஸ்வரங்களுக்கு இடையேயான இடைவெளிகளே கோணலாகியிருக்கும். இன்று கணினியில் இதே எட்டு ஸ்வரத்தைச் சுத்தமாக உருவாக்கினால் ஏன் உயிரற்றுக் கேட்கிறது என்பதற்கு விடையில் பாதி இங்கே இருக்கிறது.

மற்ற பாதி மெல்லோட்ரான் என்ற கீபோர்டு கருவி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு டேப் துண்டு, அதில் வயலின் கூட்டமோ கோரஸோ புல்லாங்குழலோ பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும். அதிகபட்சம் சுமார் 8 வினாடி, பிறகு டேப் தீர்ந்து மௌனம். விட்டால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். எனவே நீண்ட கார்டை (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்களை) அப்படியே பிடித்துவைத்திருக்க வழியில்லை. விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்து, ஒரு ஸ்வரம் தீர்வதற்குள் இன்னொன்றை ஆரம்பிக்க வேண்டும். மோட்டார் வேகம் லேசாக ஆடுவதால் சுருதியும் லேசாக அலையும். ஃபேட்ராவின் இரண்டாவது படைப்பு முழுக்க ஃப்ரோஸேயின் மெல்லோட்ரான் வயலின்களைச் சுற்றி அமைந்தது. அதில் ஒலி கழுவப்படுவது போலச் சுழல்வதற்குக் காரணம் ஃபேசர் என்ற கருவி. அதன் குமிழைத் திருகியவர் அவர் மனைவி மோனிகா.

மூன்றாவது முக்கியக் கருவி லண்டன் ஈஎம்எஸ் நிறுவனத்தின் விசிஎஸ்3. 1969இல் வந்தது. கம்பிகளுக்குப் பதிலாக 16க்கு 16 துளைகள் கொண்ட பலகையில் சிறு ஊசிகளைச் செருகி இணைப்புக் கொடுக்க வேண்டும். கீபோர்டு தனியாகத்தான் வாங்க வேண்டும். ராகம் வாசிக்க உதவாது. காற்று, அலை, பறவை, உறுமல் போன்ற ஒலிகளுக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

அடுத்து வந்தவை

1975இன் 'ரூபிகான்' ஃபேட்ராவைவிடக் கட்டுக்கோப்பானது. பிரிட்டனில் 10ஆம் இடம். அதே ஆண்டு இறுதியில் வந்த 'ரிக்கோஷே' மேடைப் பதிவுகளிலிருந்து தொகுத்தது. அதன் இரண்டாம் பக்கத்தைத்தான் பெர்லின் பள்ளியின் உச்சம் என்று சொல்ல வேண்டும்: தனிப் பியானோவில் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக சீக்குவன்சர் அடுக்குகள் ஏறுகின்றன.

கச்சேரிகளில் முன்கூட்டியே எழுதியது குறைவு. சுருதியையும் தொடக்கத்தையும் பேசிக்கொண்டு, மீதியை அங்கேயே உருவாக்குவார்கள். மூவரும் கருவிப் பெட்டிகளுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். 1974 டிசம்பரில் பிரான்ஸின் ரைம்ஸ் பேராலயத்திலும், 1975 அக்டோபரில் இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயத்திலும் வாசித்தார்கள். கல் மண்டபத்தின் நீண்ட எதிரொலி இந்த இசைக்கு இன்னொரு கருவி மாதிரி. வேகமான ராக் இசை அங்கே கூழாகிவிடும், மெதுவாக மாறும் இசை தாங்கும்.

1977இல் வில்லியம் ஃபிரீட்கின் இயக்கிய 'சார்சரர்' படத்துக்கு இசையமைத்தார்கள். காட்சிகளைப் பார்த்து அல்ல, திரைக்கதையைப் படித்து எழுதி அனுப்பிய இசை. படத்தை அந்த இசைக்கு ஏற்ப வெட்ட முடிந்தது. அங்கிருந்து 'தீஃப்' (1981), 'ரிஸ்கி பிசினஸ்' (1983), 'லெஜண்ட்' படத்தின் அமெரிக்க வடிவம் (1986) என்று ஹாலிவுட் வேலை குவிந்தது.

பௌமன் 1977இல் விலகினார். 1978இன் 'சைக்ளோன்' ஆல்பத்தில் பாடகரைச் சேர்த்துப் பார்த்தார்கள், ரசிகர்களுக்குள் இன்றும் அது சண்டைப் பொருள்தான். பிறகு யொஹானஸ் ஷ்மோலிங் வந்தார். 1980 ஜனவரியில் கிழக்கு பெர்லினில், குடியரசு மாளிகையில் வாசித்தார்கள். சுவருக்கு அப்பால் போய் வாசித்த மேற்கத்தியக் குழுக்கள் அந்தக் காலத்தில் மிகச் சில.

80களில் ஒலிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் கருவிகள் வந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி தயார். படைப்புகள் சுருங்கின, மெட்டுகள் தெளிவாயின, நழுவல் போயிற்று, அதோடு பதற்றமும் போயிற்று. ஷ்மோலிங் காலத்து 'டேங்கிரம்', 'ஹைபர்போரியா' இரண்டும் நன்றாகவே நிற்கின்றன. ஃப்ராங்கே 80களின் இறுதியில் விலகிய பிறகு வந்த ஆல்பங்களின் எண்ணிக்கை மலைக்க வைக்கும். புதிதாகக் கேட்பவர் அவற்றைத் தாராளமாக ஒத்திவைக்கலாம்.

கையால் செய்து பார்த்தால்

இந்தப் பாணியைப் புரிந்துகொள்ளக் குறுக்குவழி, ஒரு முறை கட்டிப் பார்ப்பதுதான். இலவசமாகக் கிடைக்கும் எந்த மென்பொருள் சிந்தசைசரும் போதும். 16 ஸ்வரச் சுற்றை ஓட்டும் வசதி இருந்தால் பாதியைத்தான் பயன்படுத்தப் போகிறோம்.

வேகம் நிமிடத்துக்கு 120 அடி. ஓர் அடிக்கு இரண்டு ஸ்வரம் என்றால் ஒரு ஸ்வரத்துக்கு 250 மில்லிவினாடி, எட்டு ஸ்வரச் சுற்று 2 வினாடியில் முடியும். ஸ்வரங்கள்: ச, ச, மேல் ச, ச, ப, ச, நி2, ப. ச-வை 55 ஹெர்ட்ஸில் வையுங்கள். இரண்டு ஆசிலேட்டர், இரண்டும் ரம்பப்பல் அலை. ஒன்றை மற்றதைவிட 5 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கூட்டினால், 55 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6 வினாடிக்கு ஒருமுறை ஒலி தடித்து மெலியும். 20 சென்ட் வைத்தால் அது ஒன்றரை வினாடியாகச் சுருங்கி, சுருதி பிசகியதாகவே கேட்கும். ஒவ்வொரு ஸ்வரமும் குத்துவது போல இருக்க வேண்டும்: தொடக்கம் உடனடி, தேய்வு 150 முதல் 200 மில்லிவினாடி, நீடிப்பு பூஜ்யம்.

ஃபில்டர் எல்லையை 200 ஹெர்ட்ஸில் தொடங்கி, 3 நிமிடத்தில் 2,000 ஹெர்ட்ஸுக்குக் கையால் கொண்டுபோங்கள். தானியங்கியாக நேர்கோட்டில் ஏற்றினால் இயந்திரத்தனம் தெரியும். கை தயங்கும், கொஞ்சம் பின்வாங்கும், அது தேவை.

அடுத்து எக்கோ, 375 மில்லிவினாடி. ஏன் இந்த எண்? 250 என்று வைத்தால் எதிரொலி அடுத்த ஸ்வரத்தின் மேலேயே விழுந்து மறைந்துவிடும். 375 என்றால் இரண்டு ஸ்வரங்களுக்கு நட்டநடுவில் விழும். வாசிப்பது வினாடிக்கு நான்கு ஸ்வரம், காதுக்கு எட்டு கேட்கும். இயந்திரம் வாசிப்பது எது, எக்கோ சேர்ப்பது எது என்று பிரிக்க முடியாமல் போகும்போது சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

இப்போது இரண்டாவது சீக்குவன்சர், ஒரு ஸ்தாயி மேலே, ஏழு ஸ்வரச் சுற்று. எட்டும் ஏழும் 56 ஸ்வரத்துக்கு ஒருமுறைதான் ஒன்றாகத் தொடக்கத்துக்கு வரும். 250 மில்லிவினாடி வீதம் அது 14 வினாடி. இரண்டு சுற்றிலும் ஒரு ஸ்வரம்கூட மாறாது, ஆனால் அவை சந்திக்கும் இடம் ஒவ்வொரு முறையும் நகரும். ஆறு ஸ்வரச் சுற்று என்றால் 24 ஸ்வரத்தில், 6 வினாடியில் சந்தித்துவிடும். காது சீக்கிரம் கண்டுபிடித்துவிடும், சலிப்பு வரும்.

கெடுவது பெரும்பாலும் நான்கு இடத்தில். அடித்தள ஸ்வரங்களுக்கும் ரிவெர்ப் (மண்டபம் போன்ற எதிரொலி) போட்டால் 55 ஹெர்ட்ஸ் ஒலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழிந்து சேறாகும். ரிவெர்ப் மெல்லோட்ரான் போன்ற மேல் அடுக்குக்கு மட்டும். ஃபில்டர் எல்லையருகே உள்ள ஒலியை உயர்த்தும் ரெசொனன்ஸ் குமிழைப் பாதிக்கு மேல் ஏற்றினால் மோக் வகை ஃபில்டரில் தாழ்ந்த ஒலி மெலிந்துவிடும், சிட்டிகை போதும். எக்கோவின் மறுஊட்டம் (எதிரொலி மீண்டும் மீண்டும் திரும்பும் அளவு) 40 விழுக்காட்டைத் தாண்டினால், சுற்றை இடம்பெயர்க்கும்போது பழைய ஸ்வரமும் புதிய ஸ்வரமும் மோதும். ச-விலிருந்து நி2-க்கு இறக்குவதற்குச் சற்று முன் மறுஊட்டத்தைக் குறையுங்கள். நான்காவது, பொறுமையின்மை: ஒரே நேரத்தில் மூன்று குமிழைத் திருகுவது. எது மாறியது என்று கேட்பவருக்குத் தெரியாவிட்டால் எதுவும் மாறாததற்குச் சமம். ஒன்றைத் திருகி, ஒரு நிமிடம் நிற்கவிட்டு, பிறகு அடுத்தது.

எந்த வரிசையில் கேட்பது

கைபேசி ஸ்பீக்கர் இந்த இசைக்கு உதவாது. 55 ஹெர்ட்ஸை அதால் எழுப்பவே முடியாது, பாதி இசை வராது. சுமாரான ஹெட்ஃபோனாவது வேண்டும்.

முதலில் ரிக்கோஷேயின் இரண்டாம் பக்கம். துடிப்பு தெளிவாக இருப்பதால் காது எதையாவது பற்றிக்கொள்ளும். அடுத்து ரூபிகானின் முதல் பகுதி: தொடக்கத்தில் பல நிமிடம் தாளமே வராது, வரும்போது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாதபடி வரும். மூன்றாவதாக ஃபேட்ரா முழுவதும், சுருதி விலகலைத் தேடிக்கொண்டே. இந்த மூன்றும் பிடித்துப்போனால் 'ட்சைட்' இனி அவ்வளவு அந்நியமாக இருக்காது. 1976இன் 'ஸ்ட்ராடோஸ்ஃபியர்' மெட்டு வேண்டும் என்பவர்களுக்கு. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் தலைப்பிசை வழியாக இங்கே வந்தவர்கள் நேராக 'தீஃப்' படத்தின் இசைக்குப் போகலாம், உறவு உடனே தெரியும்.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை ஸ்வரச் சுற்றை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது முறை அதை விட்டுவிட்டு, அதன் ஓசை எப்போது மொத்தையிலிருந்து கூர்மைக்கு மாறுகிறது என்று மட்டும் பாருங்கள்.

ஃப்ரோஸே 2015 ஜனவரி 20 அன்று இறந்தார். அவர் வாழ்ந்தபோதே குழுவில் சேர்ந்த தோர்ஸ்டன் குவேஷ்னிங், ஹோஷிகோ யமானே, உல்ரிச் ஷ்னவுஸ் ஆகியோர் தொடர்ந்தார்கள். 2017இல் 'குவாண்டம் கேட்' வந்தது, ஷ்னவுஸ் விலகிய பின் பால் ஃப்ரிக் சேர்ந்தார். எழுதிய படைப்புகளை வாசித்து முடித்த பிறகு, கச்சேரியின் கடைசியில் முன்தயாரிப்பில்லாத ஒரு நீண்ட பகுதியை வாசிக்கும் வழக்கத்தை இந்த அணி ஏற்படுத்திக்கொண்டது. அவை 'செஷன்ஸ்' என்ற பெயரில் தனியாக வெளியாகின்றன. மூவர் காலத்துக் கச்சேரி முறை இன்றைய கருவிகளில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, ரிக்கோஷேக்குப் பிறகு அவற்றில் ஒன்றை வைத்துக் கேட்கலாம்.